எண்ணெய்க்குக் காய்ச்சல் பார்த்தவள்

தக்கோ லாம் என்பவள் குதிரைவண்டியில் தியேகான் ஊருக்குள் நுழைந்தால் அவளுக்கு முதலில் கிடைப்பது வணக்கம் இல்லை, வசவு.

"மாட்டுத் திருடி வந்துட்டா! கன்னுக்குட்டியை உள்ள கட்டுங்கடி!"

"கட்டுங்க, நல்லாக் கட்டுங்க. எலும்பும் தோலுமாக் கிடக்கிற உங்க கன்னுக்குட்டியைத் திருடினா என் குலத்துக்கே கேவலம்" என்று வண்டியில் இருந்தபடியே தக்கோ திருப்பிக் கொடுப்பாள். "எசமானி வந்திருக்கேன். எந்திரிச்சு நிக்கணும்னு தோணுதா பாரு இந்த அடிமைங்களுக்கு!"

சலூம் பக்கத்துச் செரேர் இனத்தாருக்கும் வடக்கே ஆற்றங்கரைப் புலார் இனத்தாருக்கும் கேலிமுறை. யார் வைத்த முறை என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள், கதை முடிவதற்குள் பொழுது போய்விடும். ஒருவரை ஒருவர் அடிமை என்று கூப்பிடலாம், திருடன் என்று திட்டலாம், தட்டில் இருக்கும் மீனைப் பிடுங்கித் தின்னலாம். கோபம் மட்டும் வரக்கூடாது. கோபித்துக்கொண்டவர் அன்றைக்கு ஊருக்கே வேடிக்கைப் பொருள். தக்கோ புலார், தியேகான் முழுக்கச் செரேர். ஆகவே அந்த ஊரில் அவள் வாயைத் திறந்தாலே சிரிக்கத் தயாராக நாலு பேர் இருப்பார்கள்.

அவள் பார்த்த வேலையோ சிரிக்கிற வேலை இல்லை. பெண்கள் வீட்டில் பிழிகிற கடலை எண்ணெயில் பூஞ்சை விஷம் இருக்கிறதா என்று பார்ப்பது. காவ்லாக் நகரத்தில் பெண்களின் எண்ணெய்ச் சங்கம் ஒன்று இருந்தது. ஊர் ஊராக எண்ணெய் சேர்த்து நகரத்துக் கடைகளுக்கும் பள்ளிக்கூடச் சமையலறைகளுக்கும் அனுப்பும். அனுப்புவதற்கு முன்னால் தக்கோ போய்ப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும்.

அவள் பிறந்தது ஆற்றங்கரையில். அப்பாவிடம் மாடுகள் இருந்தன, ஒரு வறட்சிக்குப் பிறகு இல்லாமல் போயின. லாரி ஓட்டுகிற தெம்பாவைக் கட்டிக்கொண்டு காவ்லாக்குக்கு வந்தாள். தெம்பா நல்ல மனிதன்தான், ஆனால் மாதத்தில் பாதி நாள் மாலி எல்லையில் லாரியோடு கிடப்பான். வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காரப் பிடிக்காமல் கடலைக் கிடங்கில் சொத்தை பொறுக்கும் வேலைக்குப் போனாள். வரிசையாக உட்கார்ந்த பெண்கள் முறத்தைத் தட்டித் தட்டி, சுருங்கியது, கறுத்தது, பச்சைத்தூள் படிந்தது எல்லாவற்றையும் தனியே எடுத்துப் போடுவார்கள். அவள் கண் கூர்மை, நாக்கு அதைவிடக் கூர்மை. அவள் இருக்கும் வரிசையில் யாருக்கும் தூக்கம் வராது என்பதற்காகவே கிடங்குக்காரர் அவளை விடாமல் வைத்திருந்தார்.

சங்கத்துக்கு ஆள் தேடிக்கொண்டு வந்த சொக்னா மேடம் ரசாயனம் படித்தவர். வரிசையில் தக்கோவின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "ஊர் ஊராப் போய்ப் பேசுறதுக்கு இப்படி ஒரு வாய்தான் வேணும்" என்று அழைத்துப் போனார். வேலையைப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார். விஷத்துக்குப் பெயர் அஃப்ளடாக்சின். அந்தப் பெயரைத் தக்கோ சரியாகச் சொல்லப் பழகுவதற்குள் ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்குத் தெரியாது, கொதிக்க வைத்தாலும் சாகாது, மெதுவாகக் கல்லீரலைத் தின்னும் என்றார் மேடம்.

"கசக்குமா?" என்று கேட்டாள் தக்கோ.

"அழுகின கடலை கசக்கும். விஷம் கசக்காது. நாக்கை நம்பாதே."

இந்த ஒரு வாக்கியத்தைச் செரேர்ப் பெண்களிடம் சொல்லிப் புரியவைக்கத்தான் தக்கோவின் பாதி ஆயுள் போயிற்று. எண்ணெயைப் பற்றி நாக்குக்குத் தெரியாதது வேறு எதற்குத் தெரியும் என்பது அவர்கள் கட்சி. அந்தக் கட்சியில் நியாயம் இல்லாமலும் இல்லை. சேகல் என்று அவர்கள் சொல்லும் அந்த வீட்டுக் கடலை எண்ணெயை மீன் சோற்றின் மேல் ஊற்றும்போது எழும் வாசனையைப் பிடித்தவர்களுக்கு அதில் விஷம் என்று ஒருத்தி வந்து சொன்னால் அவள் மேல்தான் சந்தேகம் வரும்.

முதலில் விளக்குதான் வந்தது. கறுப்புத் துணி போட்ட பெட்டிக்குள் ஊதா விளக்கை எரியவிட்டுப் பார்த்தால் விஷம் நீலமாக மின்னும். மின்னியது என்னவோ உண்மை. ஆனால் விளக்கு ஒரு புளுகு விளக்கு. எண்ணெயில் இருக்கிற வேறு ஏதேதோவும் மின்னும், சோப்புத்தூள் போட்டுத் துவைத்த துணியும் மின்னும். தெம்பா வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போட்டிருந்த வெள்ளைப் பூபூ அங்கி அந்த வெளிச்சத்தில் நிலா மாதிரி எரிந்தது. "இந்த ஆளு முழுக்க விஷம், எனக்கு அப்பவே தெரியும்" என்று தக்கோ தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள். ஊர்களில் விளக்கைப் பார்த்த பெண்கள் ஜின் என்று விலகிப் போனார்கள். விளக்கு சந்தேகத்தைத்தான் சொல்லும், தீர்ப்பைச் சொல்லாது. தலைநகர் டக்காரில் பெரிய எந்திரம் இருக்கிறது. அது துல்லியமாகச் சொல்லும், ஆனால் அது சொல்லி முடிப்பதற்குள் அந்த எண்ணெய் ஊரார் வயிற்றில் போய்ச் சேர்ந்திருக்கும்.

அதற்கப்புறம்தான் சோதனைப் பட்டை வந்தது. ஒரு சிறு குழாயில் எண்ணெயை விட்டு, ஸ்பிரிட்டும் தண்ணீரும் கலந்ததை ஊற்றிக் குலுக்க வேண்டும். விஷம் எண்ணெயை விட்டு ஸ்பிரிட்டுக்குப் போய்விடும். அடுக்குப் பிரிந்ததும் ஸ்பிரிட்டில் இருந்து சில சொட்டு எடுத்துப் பட்டையில் விட்டால் கொஞ்ச நேரத்தில் சிவப்புக் கோடு எழும். அவ்வளவுதான். தேநீர் முதல் சுற்றுக் கொதிப்பதற்குள் வேலை முடிந்துவிடும்.

பட்டையைக் கண்டதும் பெண்களின் பயம் போய்விட்டது. மழைக்காலம் முடிந்தால் எல்லாப் பிள்ளைகளையும் சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் அவர்கள். விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைப் பட்டையில் விட்டு, மலேரியா இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இதுவும் அதே மாதிரிப் பட்டைதான். தக்கோ அதைப் பிடித்துக்கொண்டாள். "நான் வேற ஒண்ணும் பண்ணலடி, உங்க எண்ணெய்க்குக் காய்ச்சல் பார்க்கிறேன்" என்றாள். ஊர் சிரித்தது, கதவு திறந்தது. அன்றிலிருந்து அவளுக்குப் பெயர் எண்ணெய்க்குக் காய்ச்சல் பார்க்கிறவள். அந்தப் பெயரில் தக்கோவுக்கே ஒரு பெருமை இருந்தது. ஒரு நல்ல கேலி எத்தனை தூரம் கொண்டுபோய் விடும் என்று அவள் அப்போது யோசிக்கவில்லை.

தியேகானில் பெரிய கை தெனிங் சென். அவள் பிழிகிற எண்ணெயைக் காவ்லாக்கில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குவார்கள். உயரமானவள், குரல் தணிவாக இருக்கும், ஆனால் கேலியில் தக்கோவுக்கு ஈடு கொடுக்கக்கூடியவள் அந்தப் பக்கத்தில் அவள் ஒருத்திதான். இருவரும் வசவு பரிமாற ஆரம்பித்தால் கடலை உரிக்கிறவர்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள்.

தெனிங்கின் புருஷன் லாத்திர் இறந்தபோது தக்கோ துக்க வீட்டுக்குப் போயிருந்தாள். நல்ல வயதில் கண்ணெல்லாம் மஞ்சளாகி, வயிறு வீங்கிப் போன சாவு. தெனிங் அழவும் இல்லை, பேசவும் இல்லை, பாயில் கல்லாக உட்கார்ந்திருந்தாள். தக்கோ வாசலில் இருந்தே கத்தினாள்.

"எங்கடி என் அடிமை? இன்னிக்கு வயல் வேலைன்னு சொல்லியிருந்தேன். வேலைக்குப் பயந்து படுத்துக்கிட்டானா? எழுப்புங்கடி அந்தச் சோம்பேறியை!"

கேலிமுறைக்காரிக்குச் சாவு வீட்டில் அந்த உரிமை உண்டு. உண்மையில் அது உரிமை மட்டும் இல்லை, கடமை. பாயில் இருந்த தெனிங்கின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். சிரித்தாள். அன்றைக்கு அவள் தொண்டையில் தண்ணீர் இறங்கியதே அதற்குப் பிறகுதான். அந்த நாளுக்கப்புறம் தக்கோ தியேகானுக்கு வந்தால் தெனிங் வீட்டில்தான் சாப்பாடு.

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் குளிர்காலத்தில், வரக்கூடாத நேரத்தில், ஒரு மழை வந்தது. வயலில் அம்பாரம் அம்பாரமாகக் குவித்திருந்த கடலையை ஒரு பொழுது நனைத்துவிட்டுப் போயிற்று. எல்லோரும் பிரித்துக் காயப்போட்டார்கள். தெனிங்கும் காயப்போட்டாள், பொறுக்கினாள், நல்லதாகத்தான் தெரிந்தது. பிழிந்தாள். எண்ணெய் பொன்னாக இறங்கியது.

தக்கோ வந்த காலையில் தெனிங்கின் பீப்பாய் ஏற்கெனவே குதிரைவண்டியில் ஏறியிருந்தது. பள்ளிக்கூடச் சமையலறைக்குப் போகிற எண்ணெய். வண்டிக்காரன் குதிரைக்குத் தீனி வைத்துவிட்டு, தக்கோவின் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தான். முற்றத்தில் பெண்கள் உட்கார்ந்து கடலை உரித்தபடி இருந்தார்கள். கரியடுப்பில் தேநீர் கொதித்தது.

தக்கோ குழாயைக் குலுக்கினாள், அடுக்குப் பிரியக் காத்திருந்தாள், பட்டையில் சொட்டுவிட்டாள். ஒரு கோடு எழுந்தது. இரண்டாவது கோட்டுக்காக அவள் காத்திருந்தாள். வரவில்லை. இன்னொரு பட்டையில் மறுபடி செய்து பார்த்தாள். அதிலும் ஒரே ஒரு கோடு.

தெனிங் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"ஒத்தைக் கோடு! காய்ச்சல் இல்ல!" என்று பெண்கள் பக்கம் திரும்பிக் கைதட்டினாள். "என் பிள்ளை நல்லா இருக்குடி!"

மலேரியாப் பட்டையில் ஒரு கோடு என்றால் நோய் இல்லை, இரண்டு கோடு என்றால் நோய். சலூமில் அது பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். எண்ணெய்ப் பட்டையில் அப்படியே தலைகீழ். சுத்தமான எண்ணெய் இரண்டு கோட்டையும் விட்டுவைக்கும். விஷம் இருந்தால் ஒரு கோட்டைத் தின்றுவிடும். இத்தனை வருஷமும் கோட்டைப் படிப்பது தக்கோவின் வேலையாகவே இருந்துவிட்டது. சரி என்று சொன்னாள், எல்லோரும் சரி என்று எடுத்துக்கொண்டார்கள். காய்ச்சல் என்று பெயர் வைத்தவள், கோட்டின் கணக்கு வேறு என்று ஒரு நாளும் நிறுத்திச் சொன்னதில்லை.

"இல்லடி, தெனிங்" என்றாள். "உன் எண்ணெயில விஷம் இருக்கு."

முற்றம் வெடித்துச் சிரித்தது.

"பார்றா! கடைசியில உண்மையைச் சொல்லிட்டா! அடிமை எசமானிக்கு விஷம் வைக்கிறாளாம்!" என்று கத்தினாள் ஒருத்தி.

"விஷம் வைக்கணும்னா உனக்குத்தான் முதல்ல வைப்பேன், சோத்துப் பானை" என்றாள் தெனிங். "போன தடவை தட்டையே வழிச்சுத் தின்னியே, அப்ப ஏன் சாகலை?"

"நான் விளையாடலை."

"அவ விளையாடலையாம்!" என்று இன்னொருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இதைவிட நல்ல கேலியை அந்த முற்றம் கேட்டதில்லை. தக்கோ முகத்தை எவ்வளவுக்கு எவ்வளவு இறுக்கமாக வைத்துக்கொண்டாளோ அவ்வளவுக்கு அவ்வளவு சிரிப்பு கூடியது. ஆண்டவன் மேல் சத்தியம் என்றாள். சத்தியமும் வேடிக்கைக்குச் செய்கிறதுதானே என்று அதற்கும் சிரித்தார்கள்.

தக்கோ வண்டியில் இருந்த பீப்பாயைப் பார்த்தாள். நேராகக் காவ்லாக்குக்குப் போய்ச் சொன்னால் சங்கம் பீப்பாயை நிறுத்திவிடும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் சங்கத்தின் சட்டம் ஒன்று இருந்தது. எண்ணெய் கெட்டது என்று தெரிந்ததும் பிழிந்தவளே இறக்கிவிட்டால், வெள்ளை மண் போட்டுக் கலக்கித் தெளியவைத்து மறுபடி பார்ப்பார்கள். விஷத்தை அந்த மண் இழுத்துக்கொள்ளும். அவள் இறக்க மறுத்து, தக்கோ போய்ச் சொல்லி நிறுத்தும்படி ஆகிவிட்டால், அந்த வீட்டு எண்ணெயைச் சங்கம் அப்புறம் தொடாது. தெனிங்குக்கு வேறு பிழைப்பு இல்லை. தெனிங் தானாக நம்பி, தன் வாயால், பீப்பாயை இறக்கு என்று சொல்ல வேண்டும். தக்கோவுக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

சொல்லிப் புரியவில்லை என்றால் காட்டிப் புரியவைக்கலாம் என்று நினைத்தாள். பக்கத்து வீட்டுச் சிகாவைக் கூப்பிட்டாள். சிகாவின் கடலை மழைக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டது. அவள் எண்ணெயில் கொஞ்சம் வாங்கி, அதே குழாய், அதே ஸ்பிரிட், அதே பட்டை என்று எல்லோர் கண் முன்னாலும் செய்தாள். இரண்டு கோடு பளிச்சென்று எழுந்தது.

"பாத்தீங்களா?" என்றாள் தக்கோ.

பார்த்தார்கள். சிகா ஒரு அலறல் அலறினாள்.

"ஐயோ, ரெட்டைக் கோடு! என் எண்ணெய்க்குக் காய்ச்சல்!"

தக்கோ எழுந்து நிற்பதற்குள் சிகா தன் வீட்டுக்கு ஓடிவிட்டாள். எண்ணெய்ப் பாத்திரத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வேலியோரம் கவிழ்க்கப் போனவளைத் தக்கோ பின்னாலேயே ஓடிப்போய்ப் பிடித்தாள். "கொட்டாதேடி, பைத்தியக்காரி! உன்னுதுதான் நல்ல எண்ணெய்!" ஒருத்தி பாத்திரத்தை இந்தப் பக்கம் இழுக்க, ஒருத்தி அந்தப் பக்கம் இழுக்க, அந்த வருஷத்தின் நல்ல எண்ணெயில் கால்வாசி இருவர் துணியிலும் வழிந்தது. பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். காட்டிப் புரியவைத்த லட்சணம் இது.

வண்டிக்காரன் குதிரையின் வாயிலிருந்து தீனிப் பையைக் கழற்றினான். "போகலாமா அக்கா? வெயில் ஏறுது."

தக்கோ எண்ணெய் வழிந்த துணியோடு முற்றத்துக்குத் திரும்பி வந்தாள். தெனிங் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். மற்றவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தாள் என்று அப்போதுதான் தக்கோ கவனித்தாள். தன் தலைக்கட்டைச் சரிசெய்துகொண்டு, தெனிங்குக்கு முன்னால் போய், மாமியாருக்கு முன்னால் நிற்பதுபோல் முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நின்றாள்.

"சென் வீட்டு அம்மா" என்றாள். "நான் சொல்றதை நீங்க கொஞ்சம் கேக்கணும்."

சிரிப்பு அங்கங்கே அறுந்தது.

"உங்க கடலை மழையில நனைஞ்சிருக்கு. அது உங்க தப்பில்ல. இந்தப் பட்டையில ஒத்தைக் கோடுன்னா விஷம் இன்னொரு கோட்டைத் தின்னுடுச்சுன்னு அர்த்தம். காய்ச்சல்னு பேர் வெச்சது நான். இத்தனை நாளாச் சரியா விளக்காதது என் தப்பு. இந்த எண்ணெயைப் பிள்ளைங்க சாப்பிடக் கூடாது. தயவுசெஞ்சு நீங்களே இறக்கச் சொல்லுங்க அம்மா."

கேலிமுறைக்காரியை ஒருத்தி நீங்க என்று கூப்பிட்டால் அதன் பொருள் என்ன என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். உறவை அறுத்துவிட்டுப் பேசுகிறாள் என்று பொருள். அன்னியர்போல எதிரில் நிற்கிறாள் என்று பொருள். தெனிங்கின் முகம் அறை வாங்கியதுபோல் ஆயிற்று.

"என்னையா நீங்கங்கறே?" என்றாள் மெல்ல.

"ஆமாம்மா."

தெனிங் வண்டிக்காரன் பக்கம் திரும்பினாள். "இறக்கு" என்றாள். சமையல்கட்டுக்குள் போய்விட்டாள்.

பீப்பாயை இறக்க நாலு பேர் வேண்டியிருந்தது. பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கடலையை அள்ளிக்கொண்டு கலைந்தார்கள். சிகா மட்டும் தக்கோவின் காதருகே வந்து, "அப்ப என்னுது நல்லதுதானே?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டு போனாள். வேண்டியது நடந்துவிட்டது. தக்கோவுக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. ஒரு நல்ல சினேகிதியைத் தன் வாயாலேயே தொலைத்துவிட்டோம் என்று மனம் அடித்துக்கொண்டது.

வெள்ளை மண் எவ்வளவு போட வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பலாம் என்று சாமான் பெட்டியை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனாள். தெனிங் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பு அணைந்திருந்தது.

"உட்காரு" என்றாள் தெனிங்.

தக்கோ தரையில் உட்கார்ந்து, பெட்டியைத் திறந்து மண் பொட்டலத்தை எடுத்து வைத்தாள். தெனிங் அதைப் பார்க்கவே இல்லை.

"நீ முதல் தடவை சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு" என்றாள். "உன் கண்ணு சிரிக்கலை. உன் கண்ணு எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன்டி சிரிச்சே?"

தெனிங் அணைந்த அடுப்புச் சாம்பலைக் குச்சியால் கிளறினாள். "லாத்திரை ஆஸ்பத்திரியில வெச்சிருந்தப்ப டாக்டர் ஒரு கேள்வி கேட்டாரு. வீட்டுல என்ன எண்ணெய், கடலையை எங்க வெச்சிருந்தீங்கன்னு. எங்க எண்ணெய்தான், நானே பிழிஞ்சதுன்னு பெருமையாச் சொன்னேன். அவரு தலையை ஆட்டிட்டு எழுதிக்கிட்டாரு. எதுக்குக் கேட்டாருன்னு நான் கேக்கலை. அந்த வருஷம் எங்க கொட்டகை ஒழுகிச்சு, தக்கோ. கடலை ஒரு ஓரமா நனைஞ்சுதான் இருந்தது."

மஞ்சள் காமாலைக்கு நூறு வேர் உண்டு என்று சொக்னா மேடம் சொல்லித் தக்கோ கேட்டிருக்கிறாள். தடுப்பூசி போடாத காலத்துக் கிருமி உண்டு, குடித்த நாட்டு மருந்து உண்டு, எண்ணெயும் உண்டு. எதையும் பிரித்துச் சொல்ல முடியாது. இதையெல்லாம் சொன்னாள். சொல்லும்போதே அது தெனிங்கின் காதில் விழவில்லை என்று தெரிந்தது.

தெனிங் எழுந்தாள். அடுக்குப் பானைகளுக்குப் பின்னால் கையைவிட்டுத் துழாவி ஒரு கண்ணாடிச் சீசாவை எடுத்தாள். அடியில் மூன்று விரல் உயரத்துக்கு எண்ணெய், பழுத்துக் கறுத்திருந்தது.

"அந்த வருஷத்துது. பிழிகிற எந்திரத்தை அவர்தான் சுத்தினாரு. அவர் கை பட்ட கடைசி எண்ணெய், கொட்ட மனசு வரலை." சீசாவை நீட்டினாள். "இதையும் பாரு."

தக்கோ சீசாவை வாங்கவில்லை. ஒரு குழாய் ஸ்பிரிட், ஒரு பட்டை, கொஞ்ச நேரம். அவ்வளவுதான் வேலை. கோடு ஒன்றோ இரண்டோ, வந்தது வந்தபடி சொல்வாள் என்றுதான் ஊர்கள் அவளை உள்ளே விட்டன. ஒற்றைக் கோடு வந்தால் இந்தப் பெண் மிச்சமிருக்கிற ஆயுள் முழுக்கத் தன் கையைத் தானே பார்த்துக்கொண்டிருப்பாள். லாத்திர் எதனால் செத்தான் என்று அந்தக் கோடும் சொல்லப்போவதில்லை.

"பட்டை தீர்ந்துபோச்சு" என்றாள் தக்கோ.

பெட்டி அவள் மடியில் திறந்தே கிடந்தது. உள்ளே பட்டைகள் உறையோடு நெருக்கமாக அடுக்கியிருந்தன. தெனிங் பெட்டிக்குள் பார்த்தாள். அப்புறம் தக்கோவின் முகத்தைப் பார்த்தாள். தக்கோ பெட்டியை மூடவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை.

"தீர்ந்துபோச்சா?"

"தீர்ந்துபோச்சு."

தெனிங் சீசாவோடு வெளியே போனாள். பின்முற்றத்து மண்ணில் அதைக் கவிழ்த்தாள். பிசுபிசுத்த எண்ணெய் இறங்க நேரம் பிடித்தது. கடைசிச் சொட்டு விழுகிறவரை குனிந்து பிடித்துக்கொண்டு நின்றாள். காலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, வாளித் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். திரும்பி வந்தவள் முக்காலியில் உட்காராமல் தரையில், தக்கோவின் பக்கத்தில், தோளோடு தோள் பட உட்கார்ந்தாள்.

"ஒரு பொய்கூட ஒழுங்காச் சொல்லத் தெரியலை உனக்கு, அடிமை நாயே" என்றாள்.

சொல்லிவிட்டு, லாத்திருக்காக, முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள்.